குழாயில் கேட்ட டிரம்ஸ்

என் உயிருக்குயிரான மச்சான் செல்வத்துக்கு,

நீ நம்பமாட்டாய். உன் வெள்ளைக்காரப் பாட்டுக்காரர்கள் தோஹாவுக்கே வந்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு மேடைச் சாரம் கட்டியது யார் தெரியுமா? நம் கம்பெனிதான். சாரத்து இரும்புக் குழாய் சுமந்த தோள் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மிஷின் பிடித்துப் பிடித்துக் காது பாதி போனவன் நீ. சினிமாப் பாட்டெல்லாம் உனக்குக் கொசு முனகுவது போலத்தான். அந்த இங்கிலாந்து பாண்டின் டிரம்ஸ் மட்டும்தான் உனக்கு எட்டியது. ஸ்பீக்கரைக் கட்டில் காலில் கட்டி, இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாய். மேல் கட்டிலில் படுத்திருக்கும் என் முதுகெலும்பு வரை அதிரும். "யோவ் மச்சான், இது பாட்டா, கான்கிரீட் மிக்சரா?" என்று கத்துவேன். "காதால கேக்காத மாப்ள, கையால கேளு" என்பாய்.

ஸ்டோர்க்கார மலையாளியிடம் கேட்டு வந்த அவர்கள் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாய். புகை கக்கும் ஆலை ஊரில் பிறந்த பையன்கள், சாராயக்கடை மூலையில் வாசிக்க ஆரம்பித்து, அடித்துக்கொண்டு பிரிந்து, மறுபடி சேர்ந்து, உலகத்தில் பாதிப் பேருக்கு கிதார் ஆசை மூட்டிவிட்டவர்கள். நான் பாதித் தூக்கத்தில் உம் கொட்டுவேன்.

உனக்குப் பிடித்த அந்த டிரம்ஸ்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார், நீ போன கொஞ்ச நாளில். அங்கே பார்த்தாயா?

நிகழ்ச்சியன்று மதியம் ஒத்திகை பார்த்தார்கள். நான் மேடையோரம் நின்றிருந்தேன். எல்லோரும் கிழவர்கள், மச்சான். பாடகர் கைப்பிடியைப் பிடித்துத்தான் படியேறினார். பாவம், இவர் எங்கே பாடப்போகிறார் என்று நினைத்தேன். மைக்கை வாங்கி ஒரு வரிதான் பாடினார். குழாய் சுமந்து போனவர்களெல்லாம் தோளில் குழாயோடு அப்படியே நின்றுவிட்டார்கள். டிரம்ஸில் இருந்தது புது ஆள். பாடகர் போய் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

வேலை முடிந்ததும் எங்களை கேம்ப்புக்கு ஏற்றிவிடுவார்கள். மேடைக்கடியில் சாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஜோடி மட்டும் தங்கலாம். நேரில் ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்பதுதானே உன் ஆசை? உனக்காக நான் இருந்தே ஆக வேண்டும். போர்மேன் காதர் பாயிடம் போய் நின்றேன்.

"ஜோடி யாரு?" என்றார்.

நீ போனபிறகு நான் யாரோடும் ஜோடி சேரவில்லை. சாரம் ஏறாமல் கீழேயே குழாய் சுமக்கிறேன். உன் கட்டிலிலும் யாரையும் விடாமல் என் பெட்டியை வைத்திருக்கிறேன். எல்லாம் அவருக்குத் தெரியும்.

"தனியாள அடியில விடமாட்டேன் தம்பி. ராம்பாபு நிக்கிறான் பாரு, சேத்துக்க. இல்லன்னா கலாஸ், பஸ்ல ஏறு."

ராம்பாபு பீகார்க்காரன். ஜோடி சேரலாமா என்று எத்தனையோ தடவை கேட்டவன், நான் முகம் கொடுத்ததே இல்லை. பஸ் ஹாரன் அடித்தது. "சலோ பாய்" என்றேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு என் பின்னால் வந்தான்.

பொழுது சாய்ந்ததும் கூட்டம் நிரம்பியது. தாத்தாவும் பேரனும் ஒரே படம் போட்ட பனியனில் வந்தார்கள். மேடைக்கடியில் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. தலைக்கு நேர் மேலே டிரம்ஸ் தொடங்கியது. குழாயில் கை வைத்தேன்.

நம் கட்டிலேதான் மச்சான். அதே அடி, அதே அதிர்வு. வாசிப்பது வேறு ஆள் என்று என் கைக்குத் தெரியவே இல்லை. அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். "க்யா ஹுவா பாய்?" என்று ராம்பாபு பதறினான். அவன் கையைப் பிடித்துக் குழாயில் வைத்தேன். கடைசிப் பாட்டு முடியும்வரை அவன் அதை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை என் பெட்டியை எடுத்துவிடுவேன். உன் கட்டிலுக்கு ராம்பாபு வருகிறான். ஸ்பீக்கர் அதே காலில்தான் இருக்கும். அவர்கள் கதையையும் உன் கதையையும் என் ஓட்டை இந்தியில் அவனுக்குச் சொல்லுவேன். கட்டில் எவ்வளவு அதிர்ந்தாலும் இனி கத்தமாட்டேன், இது சத்தியம்.

மேல் கட்டிலிலேயே இருக்கும்
உன் மாப்பிள்ளை,
சேகர்