தலை நிற்கும் விதம்

அன்பு மூத்தவளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி இல்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள், வந்ததும் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார்.

சின்னவளின் தாடை ஆபரேஷனுக்கு அடுத்த மாதக் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். எலும்பை எங்கே வெட்டுவது, எவ்வளவு நகர்த்துவது என்று முதலில் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பார்களாம். ஸ்கேன் படுக்கவைத்து எடுத்தது, அதில் தலை எப்படியும் புரண்டுதான் கிடக்கும். அதனால் நிற்கும்போது தலை இருக்கிறபடி போட்டோ எடுத்து, அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் உள்ள மண்டையைத் திருப்பி வைக்க வேண்டும். "கம்ப்யூட்டருக்கு நேர் எது, கோணல் எதுன்னு தெரியாதும்மா, நாம சொல்றதுதான் அதுக்கு வேதவாக்கு" என்றார் டாக்டரம்மா.

கண்ணாடி முன் நின்று தன் கண்ணையே பார்க்கச் சொன்னார்கள். இவள் சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாருடி, கண்ணாடி என்ன கடிக்கவா போகுது" என்று நான் அதட்டிய பிறகுதான் பார்த்தாள். ஒரு போட்டோ எடுத்தார்கள். பிறகு கண்ணை மூடி, தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டி, சுகமாக இருக்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கண்ணாடி பார்த்ததில் தலை இடது பக்கம் நாலு டிகிரி சாய்ந்து, மோவாய் நடுவுக்கு வந்திருந்தது. "கோணலை மறைச்சு மறைச்சுக் கழுத்து அப்படியே பழகிடுச்சு. அந்தச் சாய்வை நேர்னு வச்சுட்டா பாதிக் கோணல் ஆபரேஷனுக்கு அப்புறமும் நிக்கும். இன்னொண்ணு ஒரே தடவை எடுத்தது, அதையும் நம்பிட முடியாது. வீட்டுல தன்னை மறந்து இருக்கும்போது எப்படி வச்சிருப்பா, நீங்க சொல்லுங்க" என்றார்.

பெற்றவள் நான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கோணவாயி" என்று கூப்பிடுகிறார்கள் என்று ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அன்றிலிருந்து குனிந்தே இருக்கிறாள். தையல் கடையிலும் அப்படித்தான். யோசித்துப் பார்த்தால் எனக்கு அவளுடைய வகிடுதான் ஞாபகம் வருகிறது. அப்பாவைக் கேட்டேன், "நேராத்தானே இருக்கா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நீ அவளோடு ஒரே அறையில் பத்து வருஷம் படுத்தவள். உன்னிடம் பேசும்போது எப்படி வைத்திருந்தாள் என்று சொல். போனில் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடிதம் கிடைத்ததும் நீயே கூப்பிடு, இருபதாம் தேதிக்குள் டாக்டரம்மாவுக்குச் சொல்ல வேண்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா

அக்கா, மேலே உள்ளது எல்லாம் அம்மா சொன்னது. துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள். நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், உனக்கும் தெரிந்திருக்காது. உனக்கு முதுகைக் காட்டித்தான் நான் பேசுவேன். நேற்று கடையிலிருந்து டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்தேன். எனக்கும் தெரியாது, கண்ணை மூடி இன்னும் இரண்டு தடவை எடுத்துப் பாருங்கள் என்றேன். மூன்றும் ஒத்துவந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். வியாழக்கிழமை தனியாகப் போகிறேன். நீ கூப்பிடும்போது அம்மாவிடம் ஏதாவது ஒன்று சொல். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே.