இரண்டாவது லைன்

அடுகோடி,
பெங்களூர்.
9 டிசம்பர் 2001

சிரஞ்சீவி ரகுராமனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நானும் அம்மாவும் சௌக்கியம். கடையின் டெலிபோனுக்குத்தான் சௌக்கியமில்லை. போன் விஷயத்தைப் போனிலேயே சொல்லலாமே என்று நீ நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ மெல்போர்னிலிருந்து கூப்பிடும்போது அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

பொம்மசந்திராவில் நமக்கிருந்த பெரிய வாடிக்கை கை நழுவிவிட்டது. அந்தத் தொழிற்சாலையின் அளவுக் கருவிகளையெல்லாம் இத்தனை வருஷமாக நாம்தான் சரிபார்த்துக் கொடுத்தோம். எப்போது கூப்பிட்டாலும் என்கேஜ்டு என்று சலித்துப்போய் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு கம்பெனியும் இப்படிப் போனால் முனிராஜையோ பியாட்ரிஸையோ நிறுத்த வேண்டிவரும். இந்த வயதில் அவர்களை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்? நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ சொன்னபடியே டிஜிட்டல் லைன் போட்டுக்கொடுக்கும் சீனுவை வரவழைத்தேன். டை கட்டிக்கொண்டு, ஆட்டோவுக்குக் காத்திருக்கிறவனைப் போல நின்றுகொண்டே எல்லாவற்றையும் விளக்கினான். நம் கடைக்கு வருவது இரண்டே லைன். தெருக் கேபிளில் மூன்றாவதற்கு இடமில்லை. இப்போது ஒரு லைனில் ஒருவர்தான் பேச முடியும். டிஜிட்டலாக்கினால் ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் பேசலாமாம். ரெண்டையும் மாத்திடுங்க சார், நாலு பேர் ஒரே டைம்ல பேசலாம், என்கேஜ்டுங்கிற பேச்சே வராது என்றான். ஆனால் லைனை மாற்றினால் நம்பரும் மாறிவிடும். மணி அடித்ததும் முதலில் மிஷின் எடுத்து, இதற்கு ஒன்றை அமுக்கு, அதற்கு இரண்டை அமுக்கு என்று சொல்லுமாம். கூப்பிடுகிறவரின் நம்பர் சின்னத் திரையில் தெரியுமாம். யாரும் ஒளிஞ்சுக்க முடியாது சார் என்று பெருமையாகச் சொன்னான். எப்போது கையெழுத்துப் போடுவீர்கள் என்று அன்றிலிருந்து அவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான், நீயும் கேட்கிறாய்.

இரண்டாவது லைனை மத்தியான வேளையில் நான் யாரையும் தொட விடுவதில்லை. வருகிற போன், போகிற போன் எல்லாவற்றுக்கும் முதல் லைன்தான். பொம்மசந்திராக்காரர்களுக்கு எப்போதும் என்கேஜ்டு கேட்டதற்கு அதுதான் காரணம். முனிராஜுக்கு என் மேல் கோபம். வெளியே சொல்லமாட்டான்.

அந்த நேரத்தில்தான் அந்த லைனில் எப்போதாவது ஒரு போன் வரும். எடுத்தால் பேச்சிருக்காது, மூச்சு மட்டும் கேட்கும். இழுத்து விடும்போது கடைசியில் ஒரு சின்ன விசில். மார்கழிக் குளிரில் இளைப்பு வந்தால் வித்யாவை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுப் பழகிய மூச்சு, எனக்குத் தெரியாதா? பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவள் வாசலில் வந்து நின்ற அன்று, இனி இந்த வீட்டுக்குப் போன் செய்யாதே, என்னோடு பேசாதே என்று கத்தினேன். உன் தங்கை சொன்ன சொல் தட்டாதவள். வீட்டுக்குப் போன் செய்வதில்லை, கடைக்குத்தான் செய்கிறாள். பேசுவதும் இல்லை.

நானும் அவளோடு பேசுவதில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பியாட்ரிஸிடம் உரக்கப் பேசுவேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, அல்சூர் கோயிலுக்குக்கூட நடந்தே போய் வந்தாள் என்பேன். பியாட்ரிஸ் கெட்டிக்காரி. அப்புறம் சார், அம்மா சரியா சாப்பிடறாங்களா, தூங்கறாங்களா என்று வித்யா கேட்க வேண்டியதையெல்லாம் அவளே கேட்பாள்.

அப்படித்தான் ஒரு நாள், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். உனக்கு அதைச் சொல்ல வேண்டாம், வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். அந்த ஞாயிறு நீ எடுத்த எடுப்பில், அம்மா கண் எப்படிப்பா இருக்கு என்று கேட்டாய். எப்படித் தெரியும் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது.

நவராத்திரிக்கு முன்னால் கடைசியாக ஒரு போன் வந்தது. விசில் அதிகமாக இருந்தது. நடுவில் ஒரே இருமல், அப்படியே வைத்துவிட்டாள். பிறகு வரவில்லை. தீபாவளியன்று நிச்சயம் வரும் என்று கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். பண்டிகை நாளில் கடையில் என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, ஸ்டாக் பார்க்கிறேன் என்றேன். அன்றும் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ரகு.

நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன். முதல் லைனை மட்டும் மாற்றுகிறேன். அதில் இரண்டு பேர் பேசினால் இருக்கிற வாடிக்கைகளையாவது காப்பாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது லைன் பழையபடியே, அந்தக் கறுப்புப் போனோடு என் மேஜைமேல் இருக்கும். மிஷின் எடுக்காது, நம்பர் காட்டாது. சும்மா கிடக்கப்போகிற லைனுக்கு எதற்கு சார் வாடகை, ஆய்த்து, சரி, உங்க இஷ்டம் என்று சீனு கன்னடமும் தமிழுமாக முனகினான். போர்டிலிருந்தும் பில்லிலிருந்தும் அந்த நம்பரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். இனி அது அடித்தால் அவளாகத்தான் இருக்க வேண்டும். அடிக்காமலே கிடந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ அவளோடு பேசுகிறாயா என்று நான் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. இளைப்புக்கு நல்ல டாக்டரிடம் காட்டினாளா என்று மட்டும் ஒரு வரி எழுது. எந்தச் செய்தியாக இருந்தாலும் கடை விலாசத்துக்கே எழுது, அம்மா கையில் கிடைக்க வேண்டாம். பழைய நம்பர் மாறவில்லை என்று அவளிடம் சொல். அதில் பேசவும் செய்யலாம் என்று அப்பா சொன்னதாகச் சொல்.

உனக்கும் வித்யாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள்.

அப்பா
சேஷகிரி