வெறும் தூக்கு

அக்கா,

மேசைமேல் ஒரு தூக்குப்பாத்திரம் இருக்கிறது. திறந்தால் கடுகெண்ணெய் வாசம். உங்களோடு கொழுந்து பறித்த ஜார்க்கண்ட்காரப் பெண் கொண்டுவந்தது. நீங்கள் கண்மூடியபின் உங்கள் வீட்டில் அவள்தான் குடியிருக்கிறாள். மழையில் வழுக்கி நான் காலை ஒடித்துக்கொண்டதிலிருந்து தினமும் வருகிறாள். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்கு. எதற்குக் கொடுக்கிறாள்? என் வீட்டுக் குழாய்மேல் கண்ணா, பின்பக்கத்து இடத்தின்மேலா?

"ஊட்டப் பூட்டிட்டு இங்கயே வந்துருங்கம்மா. அங்க யாரு சும்மா வந்து பாப்பாங்க?" என்கிறான் வெளிநாட்டிலிருக்கும் மகன். அவன் ஊரில் முகம் தெரியாதவருக்கு ரத்தம் கொடுப்பார்களாம், ஆனால் சொல்லாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்களாம். போனால் இந்த மலைக்குத் திரும்பமாட்டேன். எனக்குப் போக மனசில்லை, அக்கா. ஆனால் அவனுக்குச் சொல்லப் பதிலும் இல்லை.

முதன்முதலில் நீங்கள் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்தபோதே, அப்போது எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்காக இருந்த என்னிடம் ஏதோ லீவு காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"என்ன விசேசமுங்க அக்கா?"

"சும்மாதான் தங்கச்சி."

நீங்கள் இழுத்துச் சொன்ன அந்தச் சும்மாவை நான் நம்பவில்லை. எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் "ஏனுங்க, ஏதாச்சும் வேணுமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்குவோம். வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பமாட்டோம். உங்கள் தூக்கிலும் அன்று மாலையே முறுக்கை நிரப்பி அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

ஒருநாள் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "சிலோன்ல எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல வெறுந்தூக்கத் திருப்பிக் குடுத்தா நாளைக்கும் வான்னு அர்த்தம். நீ நெரப்பி அனுப்பி அன்னன்னிக்கே கதவச் சாத்துற!"

அப்படி ஒரு வழக்கம் உண்டா, என்னை மடக்குவதற்காகச் சொன்னீர்களா என்று இன்னும் சந்தேகம்தான்.

நேற்று அவள் தூக்கை நிரப்பச் சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். மறுபடி மூடிவிட்டேன். கழுவித் துடைத்த தூக்கை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூடியை மூடி எடுத்துக்கொண்டு போனாள். தப்பாக எடுத்துக்கொண்டாளோ என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன்.

இன்று அதே தூக்கு, வழிய வழிய வந்தது. எதற்கு இதெல்லாம் என்று கையை விரித்துக் கேட்டேன்.

"சும்மா" என்றாள்.

தமிழில், உங்கள் இழுவையோடு.

மகனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் சந்தேகம் மட்டும் என்னை விட்டபாடில்லை. அந்தப் பெண்ணிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனீர்களா, அக்கா?