மீன் வாசனை அடித்த பூண்டு

டிசம்பர் 28
கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். பேச்சை ஆரம்பித்தது ஊர்ப் பட்டேலான நான்தான். பக்கத்து வயல்காரன் பன்னா கீர், மீன்கழிவை வெல்லத்தோடு ஊறவைத்துப் பூண்டுக்குத் தெளிக்கிறான். நாங்கள் மீன் தொடாதவர்கள். "அதுல வெளையற பூண்ட எப்படி வாயில வைக்கிறது?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பன்னா நேரே போய், மீன்கழிவு ஊறிய டிரம்மை ஓடையில் கவிழ்த்தான்.

ஜனவரி 6
உறைபனி. பூண்டுத்தாள் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது.

ஜனவரி 9
பனி பட்ட பயிருக்கென்று மந்த்சௌர் டவுன் உரக்கடையில் வாங்கிய அமினோ அமிலப் புட்டியைத் திறந்தேன். என் பெண்டாட்டி சோகன் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "இது பன்னா டிரம்மு வாசனைங்க."

கடைக்காரருக்கு போன் போட்டேன். "மீன்லேர்ந்து எடுக்கறதுதான். இலையில அடிங்க, பயிர் தேறிக்கும்."

கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. நாளை ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் அடித்துவிட வேண்டும்.

ஜனவரி 20
என் பூண்டு பச்சை பிடித்துவிட்டது. பன்னாவுடையது வெளுத்தே கிடக்கிறது. இரண்டாம் தடவை அடிக்கும்போது வரப்பில் வந்து நின்றான். "பட்டேலரே, உங்க வயல்ல மீன் துள்ளுதா?"

"புது மருந்துடா."

டா — ஏன் அப்படிச் சொன்னேன்? என்னைவிட மூத்தவன்.

ஜனவரி 21
மிச்சப் புட்டியை வைக்கோலுக்குள் ஒளித்துவைத்தேன்.

பிப்ரவரி 2
மிச்சப் புட்டியைச் சோகன் குழாயடியில் வைத்துப் பன்னா பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் பூண்டும் மீன் தின்னுதான் தேறிச்சு"ன்னு சொன்னாளாம். அத்தனை பேர் முன்னால. ஊரே சிரிக்குது. நான் எப்படித் தெருவுல நடக்கறது?

கத்தப் போனேன். "கூட்டத்துல அவரைப் பேசினப்ப அவர் எப்படி நடந்து வீட்டுக்குப் போனாரு?" என்றாள்.

பிப்ரவரி 4
பன்னா புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். "இது வேணாம் பட்டேலரே. தெளிக்கக் கூடாதுன்னு சொன்ன எடத்துலயே, தெளிக்கலாம்னு சொல்லுங்க."

பிப்ரவரி 12
கூட்டத்தில் சொன்னேன். எல்லாவற்றையும். பின்னாலிருந்து எவனோ பூனை மாதிரி கத்தினான். பன்னா மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 25
இரண்டு வயலிலும் பூண்டு பிடுங்கியாயிற்று. என்னுடையது கை கொள்ளாத பருமன். அவனுடையது கோலிக்குண்டு. தாளரிந்துகொண்டிருந்த அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

"விதைக்கு என் பூண்டு எடுத்துக்கறீங்களா?" என்று பன்னாவிடம் கேட்டேன்.

அவன் ஒரு பூண்டை மண் தட்டிக் குவியலில் போட்டான். "வேணாம். பொடிசா இருந்தாலும் இது என்னோடது."