ராசாவின் கையில் கிளாஸ் இருந்தது

என் ஆசை அண்ணாவுக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. எனக்கு உன்மீதும் கோபம்தான். நாடகத்தின் கடைசிக் காட்சியை எழுதி முடிக்காமல், உன் ஆட்களை இந்தத் தமிழ்ச் சங்கத்தாரிடம் விட்டுவிட்டுப் போனாயே, யாரை நம்பிப் போனாய்?

செய்தி சொல்கிறேன், கேள். நோபல் பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நீ வழக்கமாய்ப் போகிற அந்தப் பப் மறுபடி திறந்தாயிற்று. நீ போன பிறகு அது பூட்டி, கண்ணாடி உடைந்து பாழாய்க் கிடந்தது. அக்கம்பக்கத்துக் கிரேக்கர், வியட்நாமியர், வெள்ளைக்காரர் எல்லாரும் சேர்ந்து கழுவிப் பெயின்ற் அடித்து ஊருக்கான கலைக்கூடமாக்கிவிட்டார்கள். முன்னால் பியர் விற்கிற பார் அப்படியே இருக்கிறது. பின்னறையில் மேடை. அதை ஒவ்வொரு சமூகத்தாரும் முறை வைத்துப் பாவிக்கலாம்.

தமிழரின் முறை யார் கையில் போனது தெரியுமா? சங்கத் தலைவர் பேரின்பநாதன் கையில். அதே ஆள்தான். நீ ஒத்திகைக்கு மண்டபம் கேட்டுப் போனபோது, "தவறணைக்குக் குடிக்கப் போற ஆக்களுக்கு மண்டபம் இல்லை" என்று கதவைச் சாத்தியவர். அந்த ரோசத்தில்தானே நீ வியாழக்கிழமை தோறும் பப்பின் பின்னறைக்குப் போனாய். விசா கிடைக்காத ராசாவின் கதையை, நீயே ராசாவாக, அங்கேதான் ஆடினாய். அதில் வரும் மந்திரி தன்னைப் போலவே செருமுகிறான் என்று அவருக்கு இன்றும் எரிச்சல்.

உன் செத்தவீட்டில் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. "குடிச்சே அழிஞ்சான்" என்றார். வேலைத்தலத்தில் நெஞ்சு வலித்து விழுந்தவனை! ஒத்திகை முடிய ஒரு கிளாஸ் பியர், அதற்கு மேல் நீ குடித்து யார் கண்டது? எனக்கு அந்த ஒரு கிளாஸும் பிடிக்காது, அது வேறு கதை.

இப்போது வியாழக்கிழமையை வீணை வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். உன் நாடகத்தில் மந்திரியாக வருகிற செல்வம் போய்க் கேட்டிருக்கிறான். படகில் வந்து இன்னும் தற்காலிக விசாவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்கு நிற்கிற பிள்ளை. வியாழன் மாலை மட்டும்தான் குழுவில் எல்லாருக்கும் வேலை நேரம் ஒத்துவரும். "கௌரவமான நிகழ்ச்சியளுக்குத்தான் தம்பி இடம்" என்று பதில் வந்ததாம். நீ கட்டிய குழு இப்படியே கலைந்து போக வேண்டியதுதானா?

திறப்புவிழாவுக்கு, முன்பு அங்கே ஆடிப்பாடியவர்களின் படங்களைச் சுவரில் மாட்டினார்கள். தலையில் மட்டைக் கிரீடமும் கையில் பியர் கிளாஸுமாக நீ சிரிக்கிற படத்தை நான்தான் சங்கத்திடம் கொடுத்தேன். பெரிதாக்கி மாட்டுகிறோம் என்றார்கள். நம்பினேன், மடைச்சி.

போய்ப் பார்த்தால் நிறைகுடம், குத்துவிளக்கு, சந்தனம். எல்லாவற்றுக்கும் நடுவில் நீ. திருநீறே பூசாத உன் நெற்றியில் மூன்று குறி! கையில் கிளாஸ் இல்லை. கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். கிளாஸை அழிக்கத் தெரிந்தவர்களுக்கு விரலை நிமிர்த்தத் தெரியவில்லை. வெறுங்காற்றைப் பிடித்தபடி நின்றாய்.

"அங்கிள், கிளாஸ் எங்கே?"

"நாலு சனம் வாற இடம் பிள்ளை. உன்ர அண்ணையை நல்லபடியாக் காட்ட வேணுமெல்லே."

எனக்கு உச்சி கொதித்தது. நேரே பாருக்குப் போனேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. எது வேண்டும் என்று அங்கே ஊற்றிக் கொடுக்கிற பெட்டை கேட்டாள். உன் படத்தைக் காட்டி, அதோ அந்த ராசா குடிக்கிறது என்றேன். அவள் சிரித்து ஒரு கிளாஸை நிரப்பித் தந்தாள். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, குத்துவிளக்குக்குப் பக்கத்தில், உன் படத்துக்கு முன்னால் கிளாஸை வைத்தேன்.

தலைவர் செருமிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன கூத்திது? எடு பிள்ளை, எடு!"

"ஏன் அங்கிள்? உங்கட அப்பு செத்து எட்டாம் நாள், எட்டுச்செலவுக்குச் சாராயமும் சுருட்டும் படைச்சனீங்களெல்லே? நான்தானே வடை சுட்டுத் தந்தனான். செத்த ஆளுக்கு விருப்பமானதைத்தானே நாங்கள் படைக்கிறது?"

படைத்ததை எடுத்து எறிய அங்கே ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அவர் அந்தக் கிளாஸுக்குப் பக்கத்தில் நின்றே உரையாற்றினார். வந்த சனம் எடுத்த படங்களில் எல்லாம் அவரும் பியரும்தான்.

விழா முடியச் செல்வம் மெல்ல வந்து, "அக்கா, நான் எடுக்கட்டோ?" என்றான். இல்லை என்றேன். படைத்ததை எடுக்க உனக்கு இங்கே என்னைவிட்டால் வேறு யார்? எடுத்துக் குடித்தேன். சீ! என்ன கசப்பு. இதற்காகவா அண்ணா இவ்வளவு பேச்சு வாங்கினாய்? அழுகை முட்டியது. அவர்களுக்கு முன்னால் அழக் கூடாதென்று மிச்சத்தையும் குடித்தேன்.

வருகிற வியாழன் உன் ஆட்களோடு நான் போவேன். பின்னறையைப் பூட்டினால் கார்ப் பார்க்கில் ஆடுவோம். நீ எழுதாத கடைசிக் காட்சியை நான் எழுதுகிறேன். மந்திரி வந்து ராசாவின் கிளாஸைப் பிடுங்குவான். ராசா விடமாட்டான். செருமல் மட்டும் பலமாக இருக்க வேண்டும் என்று செல்வத்திடம் சொல்லிவிட்டேன்.

வாயை மூடத் தெரியாத உன் ஒரே தங்கச்சி,
ரஞ்சி