கசங்கல் வைத்த சட்டை

அன்புள்ள கலைக்கல்லூரி மாணவிக்கு,

உன் சலவைக்கடைக்காரன் எழுதுவது. நானும் நம் மகளும் நலமாக இருக்கிறோம். இந்த வயதில் தூரதேசம் போய், உன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து ஃபேஷன் டிசைன் படிக்கிறவள் நலமாக இருக்கிறாளா என்பதுதான் எங்கள் கவலை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீ கேட்ட லினன் சட்டை இந்தப் பார்சலில் இருக்கிறது. அதை விரித்துப் பார்ப்பதற்கு முன் இதைப் படித்து முடித்துவிடு. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

சட்டையை நான் தேய்த்துவிட்டேன்.

பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது, அப்படியே எடுத்து அனுப்புங்கள் என்று நீ சொன்னாய். எடுத்துப் பார்த்தால் முழங்கை, முதுகு, அக்குள் எல்லாம் ஒரே கசங்கல். அங்கங்கே நூல் வேறு கட்டிக் கிடந்தது. என் மனைவி தன் வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் வைக்கப்போகிற சட்டை இந்தக் கோலத்திலா போவது என்று நூலையெல்லாம் பிரித்து, கஞ்சி போக அலசி, கடைக்குக் கொண்டுபோய் ஸ்டீம் இஸ்திரி போட்டேன். அவ்வளவு அழகாக வந்தது. கடையிலேயே மாட்டிவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த நம் வாயாடிதான் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "அந்தக் கசங்கல்தாம்பா டிசைனே. வேலை முடிஞ்சு நீங்க கழட்டிப் போடற சட்டையப் பாத்துப் பாத்து, அதே மாதிரி அம்மா ஒவ்வொண்ணா மடிச்சுக் கட்டி வச்சிருந்தாங்க" என்றாள். கசங்கலை ஒழித்தே பிழைப்பு நடத்துகிறவனைப் பார்த்துக் கசங்கலைப் படித்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வேண்டுமென்றே செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. முந்தின நாள்தான் நீ, போர்ட்ஃபோலியோவைப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், பிடித்தால் இங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று போனில் சொன்னாய். நான் சரி, பார்க்கலாம் என்று முகத்தில் அடித்தாற்போல் வைத்துவிட்டேன். மறுநாளே சட்டை இப்படி ஆனால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். நீ அங்கேயே தங்கிவிடுவாயோ என்று எனக்குப் பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தது அந்தப் பயம் இல்லை. கசங்கிய துணியைக் கண்டால் சும்மா இருக்காத கை இது, உனக்குத் தெரியாததா.

பிறகு நானும் மகளுமாக நனைத்து, மடித்து, நூல் கட்டிப் பார்த்தோம். அசட்டுத்தனமாக வந்தது. சட்டை என் அளவுக்குத்தானே தைத்திருக்கிறாய்? கடைசியில் கஞ்சி போட்டு, ஈரம் காயுமுன் நானே மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். குனிந்தேன், மூட்டை தூக்கினேன், நாள் முழுக்கத் துணி தேய்த்தேன். "என்ன, ஊருக்கெல்லாம் தேச்சுக் குடுத்துட்டு நீங்க இப்படிக் கசங்கிப்போய் நிக்கிறீங்க" என்று வந்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். மறுநாளும் அதையே போட்டுக்கொண்டேன்.

வலது அக்குளில் மடிப்பு ஆழமாக விழுந்திருக்கிறது, இடதில் அவ்வளவு இல்லை. நீ கட்டி வைத்தது போல இருக்காது. வேர்வை வாடை கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள். இதை வைப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். தேய்க்காமல் பார்சல் கட்டுவதற்குள் என் கை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வருகிறவர்கள் கண்ணில் உன் வேலை நன்றாகப் படட்டும். அவர்கள் கூப்பிட்டால் எங்களை நினைத்துத் தயங்காதே. மனதாரத்தான் சொல்கிறேன்.

பார்சல் கட்டும்போது வாயாடி இன்னொன்றும் கேட்டாள். நீ கிளம்பிய அன்று கழற்றி மாட்டிய நைட்டி, உட்கார்ந்து எழுந்த மடிப்புகூடக் கலையாமல் கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது. வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட விடாத அப்பா அதை மட்டும் ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டாள்.

அது அங்கேயே இருக்கும். வந்து நீயே தேய்த்துக்கொள்.

என்றும் உன்,
சலவைக்கடைக்காரன்