பகலை மட்டும் சொன்னேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பெரிய பேத்தி முன்பல் விழுந்த வாயோடு வீட்டையே மிரட்டுகிறாள். தம்பி நிலக்கரிக் கிடங்கில் இன்னும் ஒப்பந்தக் கூலிதான், மின்நிலையத்தில் மூன்றாவது கொதிகலன் வந்தால் நிரந்தரம் செய்வோம் என்று மேற்பார்வையாளர் ஆசை காட்டி வைத்திருக்கிறார்.

அந்தக் கொதிகலனுக்காகத்தான் போன மாதம் சமுதாயக் கூடத்தில் அதிகாரிகள் எல்லோரையும் உட்காரவைத்துக் கருத்துக் கேட்டார்கள். எதிர்வீட்டு டீச்சர் எழுந்து, இப்படி ஒரு வெயிலை இந்தத் தெரு கண்டதே இல்லை, எல்லாம் கரி எரிக்கிற புகையால் வந்த வினை என்றாள். நீ ஏழாவது படிக்கும்போது மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடத் திணறிய என்னைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், கட்டைவிரலை வெச்சிட்டுப் போங்கம்மா நேரமாகுது என்றாளே, அவளேதான். செத்தாலும் மறக்க மாட்டேன், அந்த ரோஷத்தில்தான் உன்னிடமே எழுதக் கற்றுக்கொண்டேன். விருட்டென்று எழுந்துவிட்டேன். என் மகள் பிறந்த வருஷம் கிணறு வறண்டது, மகன் பிறந்த வருஷம் தார் உருகிச் செருப்பைப் பிடித்துக்கொண்டது, வெயில் தானாக ஏறும் தானாக இறங்கும், அன்றைக்கு எந்தப் புகை இருந்தது, இந்த டீச்சருக்கு அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது என்றேன். கூடமே சிரித்துக் கைதட்டியது. பாட்டிம்மா சொன்னாங்கல்ல, இதைவிட என்ன ஆதாரம் வேணும் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். டீச்சர் உட்கார்ந்துவிட்டாள், எனக்கு உச்சி குளிர்ந்தது.

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் வானிலை படித்த நீ போனில், பகல் சரிம்மா, ராத்திரி எப்படி இருந்துச்சு என்று கேட்டாய் பார், அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சூரியன் மட்டும் காரணமென்றால் பகல்தான் அதிகம் சுடும், புகை வானத்தில் சேர்ந்து சூட்டைப் போகவிடாததால்தான் ராத்திரியும் ஆறுவதில்லை என்றாய். கிணறு வறண்ட வருஷம்கூட விடியற்காலையில் உன் காலுக்குப் போர்வை இழுத்துவிட்டவள் நான். இப்போது விடிந்தும் சுவரில் கை வைக்க முடியவில்லை, சின்னப் பேரன் ஈரத்துண்டில் படுக்கிறான். அன்றைய வெயில் விருந்தாளி, வந்தது போனது. இது வீட்டோடு மாப்பிள்ளை, நகர மாட்டேன் என்கிறது. இது எனக்குக் கூடத்திலேயே தெரியும் மகளே. தொண்டைவரை வந்தது. சொன்னால் அவள் பக்கம் ஜெயித்துவிடுமே என்று விழுங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை மறுபடி கூட்டம். அதையே சொல்ல மின்நிலையத்துக்காரர்கள் என்னைக் காரில் கூட்டிப்போகிறார்களாம். நேற்று டீச்சர் வாசலுக்குப் போனேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ராத்திரியையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். ஒரு வார்த்தையாவது குத்திப் பேசுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளோ மெதுவாக, உங்க பையன் வேலை என்னம்மா ஆகும் என்றாள். அதற்கு அவள் திட்டியிருந்தாலே தேவலை.

நான் சொல்லத்தான் போகிறேன். காரில் ஏறாமல் நடந்தே போவேன். தம்பிக்கு இன்னும் தெரியாது, அம்மா மேடையில் பேசப்போகிறாள் என்று என் துணியை அவன் கையாலேயே இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறான். அவனிடம் நான்தான் சொல்ல வேண்டும், நீ போனில் முந்திக்கொள்ளாதே. வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. நோய்நொடி அண்டாமல் நீ நூறு வருஷம் இரு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா